தோள் சொல்லும் தூரம்

அல்கோன்குவின் பூங்காவின் கனூ வழி வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணை இழுப்பது நீலம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓட்டினால் இந்தக் காடு வந்துவிடும். ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். அதற்குள் 2,400க்கும் அதிகமான ஏரிகள். முதன்முதலாகத் திட்டம் போடுகிறவர்கள் விரலை நீலத்தின் மேல் வைத்து ஏரிக்கு ஏரி தாவிக்கொண்டே போவார்கள். எனக்கு அந்த விரலைப் பிடித்து நிறுத்தி, இரண்டு நீலங்களுக்கு நடுவே தையல்போலக் கிடக்கும் சிறிய சிவப்புக் கோடுகளைக் காட்ட வேண்டும்போல இருக்கும். அவற்றின் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் உண்டு. பயணம் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கோடும் ஒரு போர்ட்டேஜ். ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரைக்கும், அல்லது ஆற்றை அருவியோ அணையோ மறிக்கும் இடத்தைத் தாண்டும் வரைக்கும், கனூவையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடக்கிற காட்டுவழி. எண் மீற்றரில். தண்ணீரோரத்தில் ஒரு மரத்தில் மஞ்சள் பலகை அறைந்திருக்கும். அதை நோக்கித் துடுப்புப் போட வேண்டும்.

பல நாள் கனூப் பயணத்தை நான் தரைப் பயணமாகவே திட்டமிடுகிறேன். தண்ணீர் நம்மையும் நம் சாமான்களையும் முணுமுணுக்காமல் தாங்கிவிடும். இருபது கிலோ கூடினாலும் படகு இரண்டு விரல் தாழும், அவ்வளவுதான். கரையில் இறங்கியதும் அந்த இருபது கிலோவுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும்.

*

கணக்கு எளியது, ஆனால் அதை மனம் ஏற்க நேரம் எடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடிந்தால் 295 மீற்றர் என்பது 295 மீற்றர்தான். பெரும்பாலானோரால் முடியாது. முதல் நடையில் மூட்டைகள், பிறகு வெறுங்கையோடு திரும்பி வருதல், இரண்டாம் நடையில் கனூவும் சாப்பாட்டுப் பீப்பாவும். ஆக எந்தப் போர்ட்டேஜும் மூன்று மடங்கு. 295 என்பது 885 ஆகிவிடும்.

295ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்கு ஏறும் போர்ட்டேஜ் அது. அல்கோன்குவினுக்குப் போகிற மிகப் பலர் முதலில் நடப்பது அதில்தான். அகலமானது, எளியது. இந்த முறை நான் வரைந்திருக்கும் வட்டமும் அங்கேதான் தொடங்குகிறது. ஜோ ஏரி, பேர்ன்ட் ஐலண்ட் ஏரி, ஒட்டர்ஸ்லைட் ஏரிகள், ஒட்டர்ஸ்லைட் ஓடை வழியாக பிக் ட்ரவுட் ஏரி, அங்கிருந்து மேற்கே சுற்றி மெக்கின்ரொஷ் ஏரி, இங்க் ஏரி, மறுபடி கனூ ஏரி. பல பேர் போய்ப் பழகிய வட்டம். புதிய வழி கண்டுபிடிக்கும் ஆசை எனக்கு இல்லை.

இந்த வட்டத்தில் எல்லாரும் பயப்படுவது இங்க் ஏரியிலிருந்து தொடங்கும் போர்ட்டேஜுக்கு. 2 கிலோமீற்றருக்கும் மேல். இரட்டை நடையாக 6 கிலோமீற்றருக்கும் மேல், அதில் 4க்கும் மேல் சுமையோடு. நான் பயப்படுவது ஒட்டர்ஸ்லைட் ஓடைக்கு. அங்கே குட்டிக் குட்டிப் போர்ட்டேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் கரை சேர்த்து, சேற்றில் கால் வைத்து, மூட்டை இறக்கி, தூக்கி, நடந்து, வைத்து, திரும்பி வந்து, மறுபடி ஏற்றிக் கட்ட வேண்டும். நடக்கும் தூரம் குறைவு. ஏற்றி இறக்கும் வேலை குறைவதே இல்லை. ஒரு கிலோமீற்றர் போர்ட்டேஜ் ஒன்றைவிட, இருநூறு மீற்றர் போர்ட்டேஜ்கள் ஐந்து சேர்ந்து பகலை அதிகம் தின்னும். அதனால் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண்கள் எழுதுகிறேன்: எத்தனை மீற்றர் சுமக்கிறோம், எத்தனை தடவை கரை ஏறுகிறோம்.

காற்றில்லாத ஏரியில் சுமையேற்றிய கனூ மணிக்கு 4 கிலோமீற்றர் போகும். அதைக் கணக்கிட நீண்ட யோசனை வேண்டாம்.

*

கனூ என்ற பொருளே போர்ட்டேஜிலிருந்து பிறந்தது என்று நினைக்கிறேன். இந்த நிலத்தின் அனிஷினாபே மக்கள் மரப்பட்டையில் கனூ கட்டினார்கள். கோடைத் தொடக்கத்தில், சாறு ஏறும் காலத்தில், பேர்ச் மரத்தின் பட்டை அகலமாக உரிந்து வரும். அதை ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரால் தைத்து, சீடர் மரத்தை வளைத்து விலா எலும்புகளாக வைத்து, தையலை ஸ்ப்ரூஸ் பிசினும் கொழுப்பும் கரித்தூளும் கலந்து பூசி அடைத்தார்கள். ஒரு மனிதர் தூக்கி நடக்கக்கூடிய படகு. வழியில் கல்லில் உரசிக் கிழிந்தால், தைக்க வேரும் அடைக்கப் பிசினும் அதே கரையில் நின்றன. நம் கடற்கரையில் வள்ளம் கட்டுகிறவர் அலையைப் பார்த்துக் கட்டுகிறார். இவர்கள் அலையையும் பார்த்தார்கள், தோளையும் பார்த்தார்கள்.

இன்று வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கெவ்லார் கனூ. பதினாறு, பதினேழு அடி நீளம், எடை இருபது கிலோ அளவில். அதே நீள அலுமினியக் கனூ முப்பது கிலோவைத் தாண்டிவிடும். கெவ்லாருக்கு வாடகை கொஞ்சம் கூடும். எங்கே சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்க வேண்டாம் என்பேன்.

நடுவே குறுக்காக ஒரு கட்டை, கழுத்துக்கு இடம் விட்டுச் செதுக்கியிருக்கும். படகைப் பக்கவாட்டில் சாய்த்துத் தொடையில் ஏற்றி, ஒரு வீச்சில் தலைக்கு மேல் கவிழ்த்து, அந்தக் கட்டையைத் தோளில் இருத்துகிறோம். அதன்பின் வானம் இல்லை. முன்னால் சில அடி வழி மட்டும் தெரியும்: ஒரு வேர், ஒரு கல், யாரோ சேற்றில் பதித்துப்போன சப்பாத்துத் தடம். எத்தனை யோசனைகளோடு கரை ஏறினாலும் அந்தச் சில அடிக்குள் அவை எல்லாம் அடங்கிவிடுகின்றன. அடுத்த அடி எங்கே என்பது மட்டும் மிஞ்சும். மூச்சைக் கவனி என்று சொல்லிக் கொடுப்பவர்கள் பலரிடம் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சை உண்மையாகக் கவனித்தது கனூவுக்கு அடியில்தான்.

*

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மொன்றியலிலிருந்து மென்மயிர் வணிகத்துக்காகத் துடுப்புப் போட்ட பிரெஞ்சுக் கனேடியக் கூலிகளை வொயாஜர்கள் என்பார்கள். அவர்களின் பொதி ஒன்று 90 இறாத்தல், 41 கிலோ. ஒரு நடைக்கு ஒருவர் இரண்டு பொதி. நெற்றியில் தோல்பட்டி போட்டு, முதுகில் பொதியைத் தொங்கவிட்டு, குனிந்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சுப்பீரியர் ஏரியிலிருந்து பிஜன் ஆற்றுக்குப் போகும் கிராண்ட் போர்ட்டேஜ் 8.5 மைல், ஏறத்தாழ 14 கிலோமீற்றர். அதை ஒரே மூச்சில் கடக்கவில்லை. வழியைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஓர் இளைப்பாறும் இடம் வைத்து, எல்லாப் பொதியும் அங்கே வந்து சேர்ந்த பிறகே அடுத்த துண்டைத் தொட்டார்கள்.

இவர்களைப் பற்றிப் பாட்டும் படமும் நிறைய உண்டு. குடலிறக்கத்திலும் நீரில் மூழ்கியும் இறந்துபோனவர்கள் அவர்களுள் பலர் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். அவர்களின் பலத்தை நாம் நகலெடுக்க வேண்டியதில்லை. துண்டாக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். இங்க் ஏரிப் போர்ட்டேஜை நான்கு துண்டாக எழுதியிருக்கிறேன். வெறுங்கையோடு திரும்பும் நடையை ஓய்வு என்றே எழுதியிருக்கிறேன்.

*

யார் யார் வருகிறோம் என்பதை வழிக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். கூட்டத்தில் யாருடைய தோள் மெலிந்ததோ அந்தத் தோள்தான் நாளின் அளவுகோல். இதைச் சராசரி போட முடியாது. நால்வரில் மூவர் பலசாலிகள் என்றால் நாள் முக்கால் பங்கு நீளமாகிவிடாது. நான்காமவர் களைக்கும் இடத்தில் நாள் முடியும்.

எங்கள் நால்வரில் அத்தானுக்கு முழங்கால் நோ. மகளுக்கு வயது குறைவு. அத்தானிடம் கேட்டால், “அதெல்லாம் சமாளிக்கலாம்” என்கிறார். எங்கள் ஆட்களின் வழக்கமான பதில் இது, அன்பிலிருந்து வருவது, மற்றவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணத்திலிருந்து வருவது. திட்டமிடும்போது இந்தப் பதிலை ஏற்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை முதுகுப்பையில் பதினைந்து கிலோ அரிசி வைத்து ஹைலண்ட் கிறீக் ஓடையோரமாக இருவருமாக நடந்தோம். எங்கே அவர் பேச்சை நிறுத்தினார் என்பதைக் குறித்துக்கொண்டேன். அவரிடம் வேறு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. திரும்பி வந்து வரைபடத்தில் மூன்றாம் இரவை ஓர் ஏரி முன்னால் இழுத்துவைத்தேன்.

ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது பூங்காவின் உள்ளகத்தில், அதாவது கார் போகாத முகாம்களில், விதி. எங்கள் குடும்பங்களின் கோடைகால முகாம்களுக்கு அது மிகச் சிறிய எண். பெரிய சட்டி, பிரியாணி, நாற்பது பேர், கிரிக்கெட்: அந்த மகிழ்ச்சிக்குக் கார் போகிற முகாம்கள் இருக்கின்றன. அதை இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம்.

*

உள்ளகத்தில் தகரப் பேணிகளுக்கும் போத்தல்களுக்கும் தடை. ரின் மீன் இல்லாத முகாம் எங்களுக்குக் கொஞ்சம் யோசனைதான். ஆனால் எடை பார்த்துச் சமைக்கத் தொடங்கினால் யாழ்ப்பாணக் குசினி எவ்வளவு தூரம் நடக்கத் தயாராக இருக்கிறது என்று தெரியவரும். வறுத்த சிவப்பரிசி மா புட்டுக்குப் போதும். தண்ணீர் ஏரியில் இருக்கிறது. இடிசம்பல் பல நாள் பழுதாகாது. மைசூர்ப் பருப்பு ஊற வைக்காமலே வேகும். தேங்காய்ப் பால்மா. உலர்த்திய கத்தரிக்காய். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் போகாமல் பார்க்கிறேன். கருவாடு வேண்டாம். நமக்குப் பிடித்த வாசனை கரடிக்கும் பிடிக்கும். இரவில் எல்லாச் சாப்பாட்டையும், பற்பசை உட்பட, பீப்பாவில் அடைத்து, கூடாரத்திலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து எட்டக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். கயிற்றின் நீளத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இதை இங்க் ஏரியில் யார் தூக்குவது என்று கேட்கிறேன். பெயர் சொல்ல முடியாத சாமான் வீட்டில் நிற்கிறது. மடக்குக் கதிரைகள் அப்படித்தான் நின்றன. இரண்டாவது புத்தகமும் நின்றது.

*

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “காசு குடுத்து ஏன் பிள்ளை சுமக்கிறியள்?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் 1995 ஒக்ரோபர் 30 இருக்கிறது. அந்த இரவு, போருக்கு நடுவே, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் அடிக்கு அடி நின்று நின்று போனார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அம்மா அன்று தூக்கியதைப் பற்றிப் பேசுவதில்லை. வைத்துவிட்டு வந்ததைப் பற்றி எப்போதாவது பேசுவார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் வரைபடத்தையே அவர் முன் விரித்தேன். எந்த இரவு எந்த ஏரி என்று இதில் எழுதியிருக்கிறது, எத்தனை மீற்றர் நடை என்று போட்டிருக்கிறது, இந்தத் திகதியில் திரும்பி வந்து இதே கதவைத் தட்டுவோம் என்றேன். எவ்வளவு தூக்குவது என்பதை நாங்களே முடிவுசெய்கிறோம் என்றேன். அம்மா இங்க் ஏரிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, “பிள்ளைக்குப் பாரமா குடாதை” என்று மட்டும் சொன்னார். இடிசம்பல் அவர் இடித்துத் தருவது.

இந்தப் போர்ட்டேஜ் வழிகள் எனக்கு முன்னால் யாருடையவை என்பதும் அம்மாவோடு பேசிய பிறகு கூடுதலாக உறைத்தது. 1893இல் பூங்கா அமைந்தபோது வேட்டையும் பொறிவைத்தலும் தடைசெய்யப்பட்டன. அந்தக் காட்டில் வாழ்ந்து வந்த, அனிஷினாபேயருள் ஒரு பிரிவினரான அல்கோன்குவின் மக்களுக்கு அது தங்கள் நிலத்துக்குள்ளேயே போட்ட வேலி. நிலத்தை அவர்கள் ஒப்பந்தம் எழுதி யாருக்கும் கொடுக்கவில்லை. 2016இல் அரசுகளோடு ஒரு கொள்கை உடன்பாடு கையெழுத்தானது. அதுவே இறுதி ஒப்பந்தம் அன்று. இன்று நாங்கள் கட்டணம் கட்டி நடக்கும் போர்ட்டேஜ்களில் பல, அவர்களுடைய கால்கள் போட்டவை. இதை என் மகளுக்குப் புறப்படும் முன் சொல்லிவிட வேண்டும் என்று குறித்திருக்கிறேன். வழியில் சொன்னால் சுமையின் நடுவே காதில் ஏறாது.

*

எந்த மாதம்? மே நடுவிலிருந்து ஜூன் முழுவதும் கரிய ஈக்கள், அவற்றோடு நுளம்பு. இரண்டு கையும் கனூவில் இருக்கும்போது முகத்தில் உட்காரும் ஈயை ஒன்றும் செய்ய முடியாது. கோடை முற்றினால் ஓடைகளில் நீர் வற்றும். செப்டெம்பர்தான் என் விருப்பம். பள்ளி போகும் பிள்ளை வருவதால் ஓகஸ்ட் கடைசி வாரம்.

காற்றுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். பிக் ட்ரவுட் போன்ற பெரிய ஏரிகளில் பகல் ஏற ஏற காற்றும் ஏறும். விடியலில் புறப்பட்டு, கரையை ஒட்டிப் போய், மதியத்துக்குள் தங்குமிடம் சேர்வது நல்லது. அலை வெண்ணுரை கட்டினால் போகக் கூடாது. போகாமலிருக்க முடிய வேண்டுமானால் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டியவர் ஞாயிறு மாலை எந்த அலையிலும் இறங்கிவிடுவார். எனவே ஒரு நாள் வெறுமையாக இருக்கிறது. காற்று இல்லாவிட்டால் அந்த நாளை மெக்கின்ரொஷ் ஏரியில் சும்மா இருந்து கழிப்போம். முழு வட்டத்திலும் நான் மிகவும் எதிர்பார்ப்பது அந்த நாளைத்தான். லூன் பறவை ஏரிக்கு ஏரி கூவிப் பேசுவதைக் கேட்க ஒரு பகலும் ஓர் இரவும்.

நாங்கள் புறப்படும் கனூ ஏரியில்தான் ஓவியர் ரொம் தொம்சன் 1917 ஜூலை 8ஆம் திகதி தன் கனூவில் தனியாகப் போய்க் காணாமல்போனார். ஜூலை 16 அன்று உடல் மிதந்தது. வயது 39. எப்படி இறந்தார் என்று இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு வேண்டியது வாதத்தின் முடிவு அன்று. அந்த ஏரியை அவரளவுக்குப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அவரும் அதிலேயே போனார். அது போதும். உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். உடம்பில் போட்டிருந்தால்தான் உயிருக்குப் போதும். குளிர்நீரில் விழுந்தவருக்கு மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் உருப்படியாக இயங்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். நடுவிலுள்ள 10 நிமிடம் முடிந்தபின் தலையை நீருக்கு மேல் வைத்திருப்பது சட்டைதான். எங்கள் நால்வரும் கரையிலிருந்து கரை வரை அதைக் கழற்றுவதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். மகள் குளிர்காலம் முழுவதும் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். அத்தானும்தான்.

கைப்பேசி அங்கே பெரும்பாலும் வேலை செய்யாது. ஒவ்வோர் இரவும் எந்த ஏரி, எந்த நாள் எத்தனை மணிக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போகப்போகிறோம்.

*

உள்ளக முகாம்களுக்கான பதிவு, வந்துசேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 25 என்றால் மார்ச் 25. பதிவது ஏரியைத்தான், அந்த ஏரியில் எந்த இடம் என்பது முதலில் போய்ச் சேர்பவருக்கு. நல்ல ஏரிகள் விரைவில் நிரம்பிவிடும், ஆகவே அந்தக் காலைக்குள் வட்டம் முடிவாகியிருக்க வேண்டும். நீங்களும் இந்தக் கோடையில் போக நினைத்தால், அதற்கு முன்னமே கூட வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு தூக்க முடியும் என்று கேட்டுவிடுங்கள். சமாளிக்கலாம் என்று சொல்பவரை ஒரு சனிக்கிழமை பதினைந்து கிலோவோடு நடக்க அழைத்துப் போங்கள்.